நான்கு கிராமைத் தேடி: அடுப்புப் புகையையும் பிறந்த குழந்தையின் எடையையும் அளப்பது எப்படி

விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் அடுப்படிக் காற்றை அளக்கும் வேலைக்கு நான் வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. சுற்றுச்சூழல் சுகாதார ஆய்வுக்குக் களப்பணியாளராகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் பயிற்சி கொடுப்பது இப்போது என் பொறுப்பு. முதல் நாள் பலகையில் நான் எழுதுவது ஒரே ஓர் எண்: 4 கிராம்.

தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. கர்ப்ப காலத்தில் அம்மா சுவாசிக்கும் காற்றில் பிஎம் 2.5 என்னும் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. நான்கு கிராம் என்பது ஒரு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு குழந்தையை மட்டும் பார்த்தால் அது பெரிதில்லை. ஆனால் விறகடுப்பு வீட்டில் கூடுவது வெறும் 10 மைக்ரோகிராம் இல்லை. அதைப் போலப் பல மடங்கு. அந்தச் சுமையோடு ஓர் ஊரில் எத்தனை குழந்தை பிறக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு டீஸ்பூன் சர்க்கரையைக் கண்டுபிடிக்கப் போகிறவர் கையில் இருக்கும் அளவுகோல் ஆடக்கூடாது. புகையை அளப்பதில் பிசகினாலும் அந்த நான்கு கிராம் காணாமல் போகும், குழந்தையை எடை போடுவதில் பிசகினாலும் போகும். இரண்டு பக்கமும் ஒரே கவனம் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கருவியைப் பார்த்து மலைத்து அதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குள் போவதற்கு முன்

ஊருக்குள் முதலில் கிராம சுகாதார செவிலியரோடு போங்கள். எந்த வீட்டில் யார் மாசமாக இருக்கிறார்கள், யாருக்கு எது வருத்தம் என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும். அவரை வாசலோடு அனுப்பிவிட்டு நீங்கள் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். அவர் பக்கத்தில் இருந்தால், மறுத்துவிட்டால் ஆஸ்பத்திரியில் கவனிக்க மாட்டார்களோ என்ற பயத்திலேயே பெண்கள் தலையாட்டிவிடுவார்கள். அப்படி வாங்கும் ஒப்புதல் ஒப்புதலே இல்லை.

படிவத்தை நீங்கள் ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். ஒரு பத்தி வாசியுங்கள், நிறுத்துங்கள், "என்ன புரிஞ்சுது சொல்லுங்க" என்று கேளுங்கள். மாமியாரும் கணவரும் பக்கத்தில் இருப்பார்கள். அவர்களுக்கும் பொறுமையாகச் சொல்லுங்கள். ஆனால் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது, முடிவும் அவருடையது. கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் கைநாட்டு. பக்கத்தில் சாட்சியாக நிற்பவர் ஆய்வுக்குழுவைச் சாராதவராக இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் எந்தச் சிகிச்சையும் நிற்காது என்பதைக் கடைசியில் மறுபடியும் சொல்லுங்கள்.

நம் கருவி என்பது, காற்றை இழுக்கும் பம்பும் துகளைப் பிடிக்கும் ஃபில்டரும் வைத்த ஒரு மேல்சட்டை. அதைப் பார்த்ததும் முதலில் வரும் கேள்வி, "இதுல எக்ஸ்ரே மாதிரி ஏதாவது வருமா? வயித்துப் புள்ளைக்கு ஆகுமா?" என்பதுதான். நியாயமான பயம். பதிலை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். அந்த மேல்சட்டையை நீங்களே போட்டு, பம்பை ஓடவிட்டு, அவர் கையை அதன் மேல் வைத்துக் காட்டுங்கள். உள்ளே இருப்பது காற்றை உறிஞ்சும் சின்ன மோட்டார், அவ்வளவுதான் என்று அந்த அதிர்விலேயே அவருக்குப் புரிந்துவிடும்.

அடுப்பைப் பார்ப்பது

"என்ன எரிபொருள் பயன்படுத்துறீங்க?" என்று கேட்டால் பத்தில் எட்டு வீட்டில் "கேஸ்" என்றே பதில் வரும். பொய் இல்லை. கேஸ் அடுப்பு மேடையில் இருக்கிறது, காலையில் காபி அதில்தான் போட்டார்கள். ஆனால் சோறு எதில் வெந்தது, குளிக்க வெந்நீர் எதில் காய்ந்தது என்பது வேறு கதை. பல வீடுகளில் இரண்டு அடுப்பும் சேர்ந்தே ஓடும்.

அதனால் எரிபொருளைப் பற்றிக் கேட்காமல் நேற்றைய நாளைக் கேளுங்கள். "நேத்து எந்திரிச்சதும் முதல்ல அடுப்புல எதை வெச்சீங்க? எந்த அடுப்பு? அடுத்து?" இப்படி இரவு வரை போங்கள். ஆட்டுக்கு, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சினார்களா என்று கேட்க மறக்காதீர்கள். அது மாமியார் பின்கட்டில் செய்வது, மருமகள் சொல்லும் கணக்கில் வராது. சிலிண்டர் கடைசியாக எப்போது புக் செய்தார்கள் என்று சீட்டை வாங்கிப் பாருங்கள். 14.2 கிலோ சிலிண்டர் ஐந்து பேர் உள்ள வீட்டில் நான்கு மாதம் வருகிறது என்றால், எங்கோ விறகு எரிகிறது.

கண்ணையும் பயன்படுத்துங்கள். சாம்பல் சூடாக இருக்கிறதா? ஊதாங்குழல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? கூரையில் கரி படிந்திருப்பது பழையதா, விரலால் தொட்டால் ஒட்டுகிறதா? எரிப்பது என்னவென்றும் பெயரோடு எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் சவுக்கு, வேலிகாத்தான், வறட்டி, மல்லாட்டைக் கொடி, பருவத்தைப் பொறுத்துக் கரும்புச் சோகை. காய்ந்த சவுக்கும் மழையில் நனைந்த வறட்டியும் ஒரே புகை விடாது. படிவத்தில் இதெல்லாம் "விறகு முதலியன" என்று ஒரே கட்டமாக இருந்தால் ஓரத்தில் எழுதிவையுங்கள். அப்புறம் கொசுவத்தி, சாம்பிராணி, வீட்டில் யாராவது பீடி பிடிப்பது, பக்கத்தில் செங்கல் சூளை, அன்றைக்குத் தெருவில் குப்பை கொளுத்தியது. இவையும் ஃபில்டரில்தான் வந்து படியும்.

கருவியை மாட்டுவது

அடுப்புக்கு மேலே ஒரு கருவியை மாட்டினால் அடுப்படிக் காற்று தெரியும், அந்தப் பெண் சுவாசித்தது தெரியாது. அவர் நாள் முழுக்க அடுப்படியில் இருப்பதில்லை. களத்துக்குப் போகிறார், திண்ணையில் உட்காருகிறார், பக்கத்து வீட்டு அடுப்பிலும் நிற்கிறார். 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற ஆய்வாளர் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் மேலேயே கருவியை மாட்டி அளந்தார். காற்று மாசு என்றாலே ஆலைப் புகைபோக்கியும் நகரத்துச் சாலையும்தான் என்றிருந்த காலம் அது. நாம் செய்வது அதே வேலைதான். காற்று நுழையும் வாய் அவர் மூக்கிலிருந்து ஒரு சாணுக்குள், கழுத்தெலும்புப் பக்கம் இருக்க வேண்டும். முந்தானை அதை மூடக்கூடாது. சேலை கட்டுபவருக்கு இடது தோளில் முந்தானை வருவதால் வலது பக்கம் மாட்டுங்கள்.

குளிக்கும்போது கழற்றிக் கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். தூங்கும்போது தலைமாட்டில், பாயின் உயரத்திலேயே. "கஷ்டமா இருந்தா கழட்டி வெச்சிடுங்க, ஆனா எத்தனை மணிக்குக் கழட்டினீங்கன்னு மட்டும் சொல்லுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாத வீட்டில், துக்க வீட்டுக்குப் போகும்போது கருவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனதை மறைத்துவிடுவார்கள். இப்போது வரும் சிறிய கருவிகளில் அசைவைப் பதியும் சில்லு உண்டு. ஆறு மணி நேரம் அசையாமல் இருந்தது அதில் தெரிந்துவிடும். அதை வைத்து அவரைக் குற்றவாளிபோல் விசாரிக்காதீர்கள். என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காற்று இழுக்கும் வேகத்தை மாட்டும்போது ஒரு முறை, மறுநாள் கழற்றும்போது ஒரு முறை அளக்க வேண்டும். இரண்டாவது அளவைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். ஏன் விடக்கூடாது என்பதற்குக் கணக்கைப் பாருங்கள்.

நிமிடத்துக்கு 1.5 லிட்டர் இழுக்கும் பம்ப் 24 மணி நேரம், அதாவது 1,440 நிமிடம் ஓடினால் 2,160 லிட்டர் காற்று ஃபில்டர் வழியாகப் போகும். அது 2.16 கன மீட்டர். ஃபில்டரின் எடை 150 மைக்ரோகிராம் கூடியிருந்தால், 150-ஐ 2.16-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 69. சரி. இரவில் குழாய் எங்கோ மடங்கி, கழற்றும்போது வேகம் 1.2 ஆகக் குறைந்திருந்தது என்று வையுங்கள். சராசரி 1.35, மொத்தக் காற்று 1.94 கன மீட்டர், விடை 77. அளக்காமல் விட்டிருந்தால் 69 என்றே எழுதியிருப்போம். எட்டு மைக்ரோகிராம் வித்தியாசம். நாம் தேடும் நான்கு கிராம் இருப்பதோ பத்து மைக்ரோகிராமுக்குள். இன்னொன்றும் இருக்கிறது: பெரிய துகள்களை ஒதுக்கிவிடும் சைக்ளோன் என்ற பாகம் சரியான வேகத்தில்தான் சரியாகப் பிரிக்கும். வேகம் குறைந்தால் 2.5 மைக்ரானைவிடப் பெரிய துகளும் உள்ளே வந்துவிடும். அதனால் சராசரி போட்டுச் சரிக்கட்டுவது மட்டும் போதாது. வேகம் பத்து சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் அந்த ஃபில்டரின் பதிவில் குறியிட்டுக் காரணத்தையும் எழுதுங்கள்.

என் முதல் வருடத்தில், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று இறுதி வேகத்தை அளக்காமலே கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆய்வகத்தில் அந்த ஃபில்டரை எடை போட்டார்கள், ஆனால் எத்தனை லிட்டர் காற்றால் வகுப்பது? அதை ஒதுக்கினார்கள். ஏழு மாதக் கர்ப்பத்தோடு ஒரு பெண் ஒரு பகலும் ஓர் இரவும் அதைச் சுமந்து, அதன் சத்தத்தில் சரியாகத் தூங்காமல் இருந்தது வீணாகிப் போனது. மறுபடி போய் அவரிடம் கேட்டேன். "பரவால்ல, இன்னொரு நாள் போட்டுக்கறேன்" என்றார். அன்றிலிருந்து இறுதி வேகத்தை எழுதாமல் எந்த வீட்டு வாசலையும் நான் தாண்டியதில்லை.

ஃபில்டரைக் கையால் தொடாதீர்கள். விரல் ரேகை படிந்தாலே எடை மாறிவிடும். இடுக்கியால் ஓரத்தைப் பிடியுங்கள். களத்துக்கு எடுத்துப் போகும் ஃபில்டர்களில் ஒன்றிரண்டைத் திறந்து, காற்று இழுக்காமல் அப்படியே மூடித் திருப்பிக் கொண்டு வாருங்கள். அதை பிளாங்க் என்போம். பயணத்திலேயே ஃபில்டரில் எவ்வளவு ஒட்டுகிறது என்று அதுதான் சொல்லும். புதியவர்களுக்கு இது வெட்டி வேலையாகத் தெரியும். குறைந்த புகை உள்ள கேஸ் அடுப்பு வீடுகளில் பிளாங்க் இல்லாமல் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

உடனுக்குடன் திரையில் எண் காட்டும் சிறிய சென்சார்களும் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. எந்த நேரத்தில் புகை ஏறியது என்று அறிய அவை மிகவும் உதவும். ஆனால் அவை துகளை எடை போடுவதில்லை, ஒளி எவ்வளவு சிதறுகிறது என்றுதான் பார்க்கின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துகள் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், எண்ணும் ஏறிவிடும். ஃபில்டரின் எடையோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

தாய்வீடு

தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். ஆறு மாதம் புகுந்த வீட்டில் விறகடுப்பு, கடைசி இரண்டு மூன்று மாதம் தாய்வீட்டில் கேஸ்; அல்லது நேர்மாறாக. குழந்தை அதிகமாக எடை போடுவது அந்தக் கடைசி மாதங்களில்தான். புகுந்த வீட்டில் மட்டும் அளந்துவிட்டு ஒன்பது மாதமும் அதுதான் அவர் சுவாசித்த காற்று என்று எழுதினால் தப்பு. முதல் சந்திப்பிலேயே தாய்வீட்டு ஊர், அங்குள்ள ஒருவரின் கைபேசி எண், போகும் உத்தேச மாதம் மூன்றையும் வாங்குங்கள். பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் பெண் போன பிறகுதான் ஞாபகம் வரும்.

கர்ப்பத்தின் வாரக் கணக்கும் எடையளவுக்கு முக்கியம். 36 வாரத்தில் பிறந்த குழந்தையையும் 40 வாரத்தில் பிறந்ததையும் ஒன்றாக வைத்து ஒப்பிட முடியாது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதுவே நம்பகமானது. இல்லையென்றால் கடைசி மாதவிடாயைத் தெரிந்துகொள்ள "கடைசியா எப்போ தலைக்கு ஊத்திக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். தேதி வராது, திருவிழா வரும். "மயானக் கொள்ளைக்கு மேல்மலையனூர் போக முடியல, அப்போ தலைக்கு ஊத்தியிருந்தேன்" என்பார். மாசி அமாவாசைத் தேதியை நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் எப்போதும் ஒரு தினசரி நாள்காட்டியும் ஊர்த் திருவிழாப் பட்டியலும் இருக்கட்டும்.

குழந்தையை எடை போடுவது

ஏதாவது ஒரு பிரசவப் பதிவேட்டில் எடை வரிசையை மேலிருந்து கீழாகப் பாருங்கள். 2.5, 3.0, 2.8, 2.5, 3.0, 2.5. குழந்தைகள் இப்படி அரை கிலோ கணக்கில் பிறப்பதில்லை. அவசரத்தில் அருகில் உள்ள சுலபமான எண்ணுக்கு மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஒரே இரவில் ஆறு பிரசவம் பார்க்கும் செவிலியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேண்டியது குழந்தை நலமா என்பது. ஆனால் 2,460 கிராம் குழந்தை 2.5 என்று பதிவானால், 2,500-க்குக் கீழே எடை குறைந்த குழந்தை என்ற கணக்கில் அது வராமலே போய்விடும். 40 கிராம் தள்ளி எழுதும் பதிவேட்டிலிருந்து 4 கிராமை எப்படித் தேடுவது?

எனவே நாமே எடை போட வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள். முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும், தாமதமானால் பிறப்பெடை கிடைக்காது. 10 கிராம் வரை காட்டும் மின் தராசு. தினமும் காலையில் தரப்படுத்திய எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்து அந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். தராசு ஆடாத சமதளத்தில் இருக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும். துணியை விரித்துப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்து, குழந்தையை உடுப்பில்லாமல் கிடத்தி, எண் நிலைத்ததும் எழுதுங்கள். தூக்கிவிட்டு இன்னொரு முறை. இரண்டும் 10 கிராமுக்கு மேல் வித்தியாசப்பட்டால் மூன்றாவது முறை.

உடுப்பைக் கழற்றும் இடத்தில்தான் சிக்கல் வரும். "குளிர்ல புள்ளைக்குச் சளி புடிக்கும்", "எல்லாரும் பார்த்தா கண்ணு பட்டுடும்" என்று குழந்தையின் ஆயா, அதாவது பாட்டி, தடுப்பார். இரண்டையும் மதியுங்கள். அறையில் இருப்பவர்களை வெளியே போகச் சொல்லுங்கள், துணியை முன்பே வெதுவெதுப்பாக்கி வையுங்கள், ஆயாவையே குழந்தையைத் தராசில் கிடத்தச் சொல்லுங்கள். எடையை ஊருக்கே கேட்கும்படி உரக்கப் படிக்காதீர்கள். அம்மாவிடம் காட்டிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதை எழுதும் நேரத்தில் உங்களுக்கு ஓர் ஆசை வரும். விறகடுப்பு வீட்டுக் குழந்தை எடை குறைவாகத்தான் இருக்கும் என்று மனம் முன்பே முடிவு செய்திருக்கும். அதனால்தான் எடை போடுகிறவருக்கு எந்த வீட்டில் எந்த அடுப்பு என்று தெரியாமல் இருப்பது நல்லது. ஹேப்பின் என்ற பெரிய ஆய்வை நினைவில் வையுங்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகள். இந்தியப் பகுதி நடந்தது நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில். பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாக 18 மாதம் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த பிஎம் 2.5 கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராமாக இறங்கியது; மற்றவர்களுக்கு 71. ஆனால் 2022-இல் முடிவு வந்தபோது குழந்தைகளின் சராசரி எடை கேஸ் குழுவில் 2,921 கிராம், மற்றதில் 2,898 கிராம். இந்த 23 கிராம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் தீர்ப்பு. அத்தனை பேரும் வேறு விடையை எதிர்பார்த்திருந்தார்கள். அதை அப்படியே வெளியிட்டார்கள். அந்த எண்ணை இன்று உலகம் நம்புகிறது என்றால், களத்தில் யாரும் ஆசைக்கு ஏற்றபடி தராசைப் படிக்கவில்லை என்ற நம்பிக்கையால்தான்.

தாளைத் திருப்பிக் கொடுப்பது

அளந்தது அவர் சுவாசித்த காற்று. அந்த விவரத்தை எழுதிய தாள் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரே நாள் அளவு என்பதால் 24 மணி நேர வரம்போடு ஒப்பிடுங்கள்: உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம், இந்திய வரம்பு 60. ஆண்டு வரம்பை எடுத்து வைத்துப் பயமுறுத்தாதீர்கள். "கேஸ் வாங்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். சிலிண்டர் விலை உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். விறகைக் காயவைத்து எரிப்பது, வெந்நீர் அடுப்பை வாசலுக்கு மாற்றுவது, அடுப்பு எரியும்போது கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது என்று அவரால் முடிந்ததைச் சேர்ந்து யோசியுங்கள். இதனால் புகை முழுதாகப் போய்விடாது என்பதையும் மறைக்காதீர்கள்.

அவர் கேட்கும் கேள்வியை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். செஞ்சி பக்கத்தில் ஓர் அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சும்மா சோறாக்கின நாளு. நெல்லு அவிக்கிற அன்னிக்கு வந்திருந்தா இதுபோல எத்தினி மடங்கு இருந்திருக்கும், அன்னிக்கு ஏன் வரல?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த சுற்றுக்கு அச்சிட்ட படிவத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் கூடியது: அடுத்து நெல் அவிக்கப் போகும் நாள்.